அமோரால்ஃபின் நெயில் லேக்கர்: வேலை செய்யுது, ஆனா அவசரக்காரங்க வாங்காதீங்க

கால் கட்டைவிரல் நகம் நுனில மஞ்சளாகி தடிச்சு பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, ஸ்கின் டாக்டர் நகத்துல கொஞ்சம் வெட்டி லேபுக்கு அனுப்பி பூஞ்சைதான்னு தெரிஞ்சப்புறம் தான் நெயில் பாலிஷ் மாதிரி பூசுற இந்த 5% அமோரால்ஃபின் பூஞ்சை மருந்தை எழுதிக் கொடுத்தாங்க. டெஸ்ட் எதுக்குன்னு கேக்காதீங்க, இப்படி கெட்டுப்போற நகத்துல பாதி கிட்டதான் ஃபங்கஸ், சோரியாசிஸ்ங்கற தோல் நோய்ல கூட இதே மாதிரி ஆகும், ஷூ இடிச்சு இடிச்சும் ஆகும், அதுக்கெல்லாம் இதைப் பூசினா காசுக்கு கேடு.

வாரத்துக்கு ஒருதடவை போட்டா போதும்ங்கறது பெரிய நிம்மதி, காஞ்சிட்டா சோப்பு தண்ணிக்கும் போகாது. ஆனா பூசுறது ரெண்டு நிமிஷ வேலைன்னு நெனச்சுராதீங்க, முதல்ல பழைய கோட்டிங்கைத் துடைச்சு எடுத்து, நகத்தை மேல நல்லா ராவி, ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு அப்புறம் தான் போடணும். ராவாம பூசினா தடிச்ச நகத்துக்குள்ள மருந்து எறங்கவே எறங்காது, மேல பளபளன்னு இருக்கும் அவ்ளோதான். அந்த அரத்தை நல்ல நகத்துல வச்சுடாதீங்க, பரவிடும். பாட்டில் வாயைத் துடைக்காம மூடினா மூடி அப்படியே ஒட்டிக்கும், இதை யாராவது சரி பண்ணுங்கப்பா.

கெட்ட நகம் திரும்ப நல்லாகாது, அடியிலேர்ந்து புதுசா வர்ற நகம் தெளிவா வருதான்னு தான் பாக்கணும். எனக்கு தெளிவா வருது. கால் நகம் முழுசா மாற 12லேர்ந்து 18 மாசம் ஆகும், அதனால மருந்தே 9லேர்ந்து 12 மாசம் போடணும், கை நகம்னா 6 மாசம். நடுவுல நல்லாயிடுச்சுன்னு விட்டா திரும்ப வந்துரும்.

ஒரு விஷயம், விரல் இடுக்குல சேத்துப்புண் இருந்தா அதுக்கும் சேர்த்து க்ரீம் போடுங்க, பூஞ்சை அங்கேர்ந்துதான் நகத்துக்கு ஏறுது. ஈர சாக்ஸ் போடாதீங்க, நகவெட்டி தனியா வச்சுக்கோங்க.

நகத்தோட வேர் வரைக்கும் போயிருந்தாலோ நிறைய நகத்துல இருந்தாலோ இது மட்டும் பத்தாது, டெர்பினாஃபின் மாத்திரை தான் பெட்டர், கால் நகத்துக்கு சாதாரணமா 12 வாரம், அதுக்கு முன்னாடி லிவர் டெஸ்ட் பாப்பாங்க. சுகர் இருக்கறவங்க நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க, நீங்களா அரம் வச்சு ராவாதீங்க. 5க்கு 3.5, அந்த அரை குறைச்சது மூடிக்காக.