சில தளங்கள் இலவசமா, கொஞ்சம் டேட்டா இலவசமா?

இணையம் எட்டாதவர்களுக்கு இலவசமாக எதைத் தருவது? இந்தியாவில் இதற்கு இரண்டு வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, 2015-இல் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் கொண்டுவந்த திட்டம். பின்னாளில் ஃபிரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. அதில் தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும் காசில்லாமல் திறந்தன. இன்டர்நெட்டையே பார்த்திராதவருக்கு இது ஒரு தொடக்கம்தானே என்றார்கள். நியாயமான வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு மாணவி பாடத்தைத் தேடி, கிடைத்த இணைப்பைத் தொடுகிறாள் என்று வையுங்கள். அந்தத் தளம் பட்டியலில் இல்லையென்றால், காசு கட்டச் சொல்லும். புதிதாகத் தொடங்கிய சின்ன நிறுவனத்தின் கதியும் அதேதான்: பக்கத்தில் பெரிய நிறுவனத்தின் கடை இலவசமாகத் திறந்திருக்க, இவரிடம் யார் வருவார்கள்?

இரண்டாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 டிசம்பரில் பரிந்துரைத்தது: கிராமப்புறச் சந்தாதாரருக்கு மாதம் 100 எம்பி டேட்டா இலவசம். மிகக் குறைவு, சரி. வீடியோ பார்த்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆனாலும் எதைத் திறப்பது என்பதை அவரே முடிவு செய்வார்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் 2016 பிப்ரவரியிலேயே விதி போட்டு, முதல் வழியை அடைத்திருந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம்.