தனியாக விட்டால் யார் சமாளிப்பார்கள்: மூத்தவனா, சின்னவளா?

மூத்தவனுக்கு 26 வயது, எந்நேரமும் புத்தகம். சின்னவளுக்கு 23, ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தால் சோறுகூட வேண்டாம். சொந்தக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் சின்னவளைத்தான் காட்டுவார்கள். சும்மா இல்லை. போன மாதம் ஹால் ஃபேன் நகரவே மாட்டேன் என்றது. மெயினை அணைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, மேல் மூடியை இறக்கி, ஃபேன் சுற்ற ஆரம்பிக்க உதவும், உப்பிப்போயிருந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் புதுசு வாங்கி மாட்டிவிட்டாள்.

மூத்தவனுக்கு ஃபேனில் சுவிட்ச் மட்டும்தான் தெரியும். ஆனால் குக்கரில் பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், புழுங்கலரிசிக்கு மூன்று என்பதில் ஆரம்பித்து, ரசம் நுரை கட்டியதும் கொதிக்கவிடாமல் இறக்குவது வரை அத்துப்படி. பட்டன் தைப்பான், சம்பளத்தில் மிச்சமும் வைப்பான். அவளோ தனியாக இருந்த ஒரு வாரமும் பிரெட்டும் நூடுல்ஸும்தான், அப்புறம் வயிற்று வலி என்று எனக்கே போன்.

சரி, என் ஓட்டு மூத்தவனுக்குத்தான். ஃபேன் எப்போதாவது மக்கர் பண்ணும், பசி தினம் மூன்று வேளை வரும். இதைச் சொன்னதிலிருந்து சின்னவள் மக்கர் பண்ணும் மிக்ஸியைத் தொடவே மாட்டேன் என்கிறாள், ஒரு வாரமாக அம்மியில்தான் சட்னி.