முழங்கால் தேய்மானத்துக்கு ஆறு வார பிசியோதெரபி: அம்மாவோடு சென்று கண்டது

என் தாயாருக்கு வயது 67. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது, வலது காலில் சற்றுக் கூடுதல். எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர் மூன்றாம் நிலை என்று எழுதி, அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை, முதலில் தொடைத் தசையை வலுப்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதற்கு முன்பே வேறோர் இடத்தில் 15 நாள் ‘கரண்ட்’ வைத்துப் பார்த்திருந்தோம். படுக்க வைத்து, முழங்காலில் பட்டைகளை ஒட்டி, 20 நிமிடம் கழித்து எழுப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவை ஒரு நாளாவது நடந்து காட்டச் சொன்னவர் அங்கே யாருமில்லை. வீடு வந்து சேரும்வரை இதமாக இருக்கும், இரவில் வலி திரும்பிவிடும். அந்த ஏமாற்றத்தோடுதான் பாளையங்கோட்டையில் உள்ள இந்தச் சிறிய நிலையத்துக்கு வந்தோம்.

முதல் நாள் முக்கால் மணி நேரம் எந்தக் கருவியையும் தொடவில்லை. காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது, வீட்டில் கழிவறை எந்த வகை, காய் நறுக்குவது அரிவாள்மனையிலா மேடையிலா என்று அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இறுக்கம் பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்று அம்மா சொன்னதும், தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும் என்றும், அதற்கு மேல் நீடித்து வீக்கமும் சேர்ந்திருந்தால் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் மூட்டு அழற்சி நோயா) என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். பிறகு அம்மாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி, 30 நொடிக்குள் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணினார். ஆறு முறை.

‘ஜவ்வு தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும்’ என்று உறவினர்கள் சொன்னதை நம்பி அம்மா ஓராண்டாகக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவில்லை. அந்த அச்சத்தைப் போக்கியதுதான் இவர்கள் செய்த மிகப் பெரிய உதவி என்பேன். உறவினர்கள் ஜவ்வு என்று சொன்னது குருத்தெலும்பை, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறையை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, அது அழுந்தி விரியும்போதுதான் சுற்றியுள்ள நீரிலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அசையாமல் இருந்தால் அந்த ஊட்டமும் குறைந்து, மூட்டைத் தாங்க வேண்டிய தசையும் மெலிந்துவிடும். இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நீட்டிய காலின் முழங்காலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து, “அம்மா, என் கையை நல்லா நசுக்குங்க” என்றார். முதல் வாரம் தொடைத் தசை இலேசாகத் துடித்ததே தவிர அந்தக் கையில் அழுத்தம் விழவில்லை. மூன்றாம் வாரம் அவரே கையை இழுத்துக்கொண்டு சிரித்தார். பயிற்சியின்போது சிறிது வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் அந்த வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் தந்த அளவுகோல்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதும் அல்ல. மூட்டு வலிக்காரர்கள் வரும் இடம் முதல் மாடியில், லிப்ட் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியோடு இருக்கிறது. கீழேயே அமர்ந்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு பெரியவரை நானே பார்த்தேன். அம்மாவுக்கு ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்பதை அதே படிகளில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள் என்றாலும், தரைத் தளத்தில் ஓர் அறையாவது அவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

எதையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. மூட்டுக்கு நல்லது என்று நாங்கள் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த குளுக்கோசமின் என்ற துணை மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, பெரிய பலன் இருக்காது, மருத்துவரிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்த மாத்திரையைப் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான் முதன்மையாக வைக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்ற கணக்கு அம்மாவின் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. இரவுச் சோற்றைப் பாதியாக்கிக்கொண்டார். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. இத்தனை நாள் வலது கையிலேயே பிடித்திருந்தார்.

வாரம் இரு முறையாக ஆறு வாரம், முறைக்கு 350 ரூபாய். வலி முழுவதும் போய்விடவில்லை; மழை நாட்களில் இன்னமும் ஆயின்மெண்ட் தேவைப்படுகிறது. ஆனால் நாற்காலிப் பரிசோதனையில் ஆறு பத்தாகியிருக்கிறது, வீட்டிலும் கையூன்றாமல் எழுகிறார், தெருமுனைக் கோயிலுக்குத் தனியாகப் போய் வருகிறார். கால் வளைந்துபோனவர்களும் இரவில் வலியால் தூங்க முடியாதவர்களும் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டே இங்கு வருவது நல்லது. பார்ப்பவர் ஒருவரே என்பதால் மாலையில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேர்கிறது. காலை பத்து மணிக்குள் சென்றால் கூட்டம் இருக்காது.