ப்ளஸ் டூ கணக்கை ஒரே வருடத்தில் முடிக்கலாமா? எல்லையோரப் பிள்ளைகளின் வழிகள்

பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் கேரளப் பாடத்திட்டம், செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பத்தாவது முடிந்ததும் கணக்குக்குப் பயந்து காமர்ஸோ, கணக்கில்லாத சயின்ஸ் குரூப்போ எடுத்துவிட்டு, பிறகு இன்ஜினியரிங் ஆசை வந்து, "ஒரே வருஷத்துல மேத்ஸ் முடிச்சிரலாமா சார்?" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பள்ளியில் இரண்டு வருடம் படிப்பதுதான் ராஜபாட்டை. கேரளத்தில் என்சிஇஆர்டி என்கிற மத்திய அமைப்பின் புத்தகம்: ப்ளஸ் ஒன்னில் 14 பாடம், ப்ளஸ் டூவில் 13. இரண்டு வருடமும் 80 மதிப்பெண்ணுக்குப் பொதுத்தேர்வு, இரண்டும் சேர்ந்தே கடைசிச் சான்றிதழில் வரும். அதனால் ப்ளஸ் ஒன்னை யாரும் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு 12 பாடம், புத்தகம் தமிழிலேயே கிடைக்கும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பழைய வியாதி உண்டு. அங்கே இன்ஜினியரிங்குக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மார்க்கை வைத்துப் போடும் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கே 100. எனவே ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, ப்ளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் ஓட்டும் பள்ளிகள் பெருகின. அதை அடக்கத்தான் 2017-18-இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. வியாதி திரும்பும் என்றே நினைக்கிறேன்.

ஒரு வருட டியூஷன்களும் இதே குறுக்குவழியில்தான் போகின்றன: நேரே ப்ளஸ் டூ. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் முதல் பாடம் அணிகள். அதற்குப் பெரிய முன்னறிவு வேண்டாம், பிள்ளையும் குஷியாகிவிடும். தொகையிடல் (இன்டக்ரேஷன்) வந்ததும் வண்டி நின்றுவிடும். சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட, அதைக் காஸ் டூ எக்ஸாக மாற்றத் தெரிய வேண்டும். அது ப்ளஸ் ஒன் முக்கோணவியல். எல்லை மதிப்பு (லிமிட்) புரியாதவனுக்கு வகைக்கெழு (டெரிவேட்டிவ்) வெறும் மந்திரம். வகைநுண்கணிதத்தை உருப்போட்டுப் பாஸாகலாம். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே சாயம் வெளுத்துவிடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ப்ளஸ் டூ பாஸான பிள்ளைக்கு மூன்றாவது வழி, என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. கணக்கை மட்டும் தனிப்பாடமாக எடுக்கலாம், பாட எண் 311. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புக்கு 20 சதவீதம், பாஸுக்கு 33 சதவீதம், பதிவு ஐந்து வருடம் செல்லும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று பிரிக்காமல் ஒரே பாடமாக இருப்பதால் அடித்தளத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது. வேறு பாடம் எதுவும் தலையில் இல்லாததும் பெரிய லாபம். பள்ளிப் பிள்ளை கணக்கோடு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ரெக்கார்டு நோட்டு என்று மாரடிக்க, இவனுக்கு நாள் முழுக்கக் கணக்குதான். குறை, கேட்க ஆள் இல்லாதது. பக்கத்தில் ஒரு வாத்தியார் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஒரு வருடம் என்றால் என் கணக்கு இது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சார்புகள், முக்கோணவியல், எல்லை மதிப்பு மட்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நுண்கணிதம். அணிகள், வெக்டர், நிகழ்தகவு எல்லாம் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓடிவிடாது. அக்டோபர் தேர்வுக்கு அவசரப்பட்டால் முதல் மூன்று மாதம்தான் பலியாகும். ஏப்ரலே சரி.

இப்போதுதான் ப்ளஸ் ஒன்னில் கணக்கில்லாத குரூப்பில் சேர்ந்திருக்கிறவர்கள் இந்த அலைச்சலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கேரள அரசின் திறந்தநிலைக் கல்வி அமைப்பான ஸ்கோல்-கேரளா கூடுதல் கணக்குப் பாடம் நடத்துகிறது. பள்ளிப் படிப்போடு சேர்த்தே முடிக்கலாம். என்ஐஓஎஸ் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன், சேர நினைக்கும் கல்லூரியில் தனி மார்க்‌ஷீட்டை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.