கறுப்பு மூங்கில் விதைப் பெட்டி: 20 மாதம் வளர்த்த பிறகு

அஞ்சுக்கு மூன்று ஸ்டார். பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் நாலு போட்டிருப்பேன், இரண்டாம் மாதம் எழுதியிருந்தால் ஒன்றுதான். மூங்கில் விதைக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முளை தெரிந்த வாரமே எழுதிவிடுகிறார்கள். அதை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

ஆன்லைனில் வாங்கியது. ‘வீட்டுக்குள் வளரும் கறுப்பு மூங்கில்’ என்று பெயர். உள்ளே 50 விதை என்று அச்சடித்த காகித உறை, மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பட்டால் உப்பும் தென்னைநார் வில்லை 20, கையகலக் குறிப்புத்தாள். பெட்டி மேல் ஒரு படம். சோபாவுக்குப் பக்கத்தில் தொட்டி, அதிலிருந்து கூரையை முட்டிக்கொண்டு மணிக்கட்டுப் பருமனில் பளபளவென்று கறுப்புக் கழிகள்.

எனக்குத் தொழில் தையல். எண்ணாமல் அளக்காமல் எதையும் எடுத்து வைக்க வராது. பித்தானைக் கொட்டி எண்ணுவதுபோல எண்ணினேன்: 47. பார்க்க நெல் மாதிரியே, கொஞ்சம் ஒல்லியாக, உமியோடு இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். ஆறு விதை சப்பென்று அமுங்கிவிட்டது, வெறும் பதர். ஆக, 50 என்றது 41.

அதைவிடப் பெரிய குறை, உறையில் அறுவடைத் தேதி இல்லை. பெட்டியில் அடைத்த தேதிதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூங்கில் விதை பல வருஷம் கிடந்து முளைக்கிற ஜாதி இல்லை. சாதாரண அறைச் சூட்டில் வைத்தால் சில மாதத்திலேயே முளைப்புத்திறன் மளமளவென்று இறங்கிவிடும். காற்றுப் புகாமல் மூடிக் குளிரில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் 9 விதையைக் காய்ந்தபடியே சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மீதி 32-ஐ ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டேன். 20 விதை அவர்கள் கொடுத்த வில்லையில். 12 விதை, நார்த்தூளும் மட்கிய எருவும் கொரமணலும் கலந்து நானே நிரப்பிய அகலத் தட்டில். விதை மறைகிற அளவுக்கு மேலே மண் தூவினால் போதும், ஆழமாகப் புதைக்கக் கூடாது.

குறிப்புத்தாள் இரண்டு விஷயம் சொல்கிறது: பத்தே நாளில் முளைக்கும், மூடியைத் திறக்காதீர்கள். இரண்டுமே தப்பு.

முதல் முளை 11-ஆம் நாள் வந்தது. கடைசி முளை 26-ஆம் நாள். நடுவில் பல நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து நாள் என்று நம்பிப் பதினைந்தாம் நாள் தட்டைக் கவிழ்த்துக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ. வில்லையில் 9, என் தட்டில் 7 முளைத்தன. ஊறப்போட்டதில் சரிபாதி. விதையை நான் குறை சொல்லமாட்டேன், மூன்று ஸ்டாரில் இரண்டு அதற்குத்தான்.

மூடி விஷயம் அப்படியில்லை. முளைக்கும் வரை ஈரம் காக்க மூடி வேண்டும், சரி. முளைத்த பிறகும் மூடியே வைத்தால் உள்ளே புழுக்கம். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று சாயங்காலம் படுத்துக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் மேலே இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு நைந்த நூல்போல இற்றுப்போயிருக்கிறது. நாற்றழுகல் நோய். ஒரே வாரத்தில் வில்லையில் இருந்து நாலு போயிற்று. என் தட்டை முளை கண்டதுமே திறந்துவிட்டு, மேல்மண் காயக்காய மட்டும் தண்ணீர் தெளித்தேன். அதில் ஒன்றுதான் போனது.

வில்லையில் வந்த ஒன்பதில் ஒன்று வெள்ளை. வெளிர்பச்சைகூட இல்லை, வெளுத்த பருத்தி நூல் மாதிரி அப்பட்டமான வெள்ளை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். “அபூர்வ ரகம், வாழ்த்துகள்!” என்று பதில் வந்தது. மூங்கில் நாற்றில் இப்படி வெள்ளைக் குஞ்சு வருவது சகஜம். பச்சையம் இல்லாததால் அதற்குச் சொந்தமாகச் சாப்பாடு தயாரிக்கத் தெரியாது. விதைக்குள் இருக்கும் கையிருப்பு தீர்ந்ததும் கதை முடிந்தது. மூன்று வாரம் இருந்தது.

மாமியார் தினம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். இரண்டு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, புல்லுக்கா இம்புட்டுப் பாடு?” அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூங்கில் புல் குடும்பம்தான், முதல் இரண்டு மாதம் அது புல்லாகவேதான் இருக்கும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஏழாவது வாரத்தில், முதலில் வந்த தண்டு 14 சென்டிமீட்டர், பருமன் என் கைத்தையல் ஊசி அளவு. தடிக்கும் என்று காத்திருந்தேன். தடிக்கவே இல்லை, தடிக்கவும் செய்யாது. மூங்கில் தண்டு மண்ணை விட்டு வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. மரம்போல வருஷா வருஷம் பருக்காது. அடுத்து வருகிற குருத்துதான் முந்தியதைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் உயரமாகவும் வரும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். இப்போது என் தொட்டியில் உயரமான தண்டு நாடாவில் 51 அங்குலம், பருமன் 5 மில்லிமீட்டர். முதலில் வந்த ஊசி இன்னும் ஊசியாகவேதான் பக்கத்தில் நிற்கிறது. மணிக்கட்டுப் பருமன் வேண்டுமென்றால் தரையில் நட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சோபா ஓரத்தில் அது நடக்காது.

‘வீட்டுக்குள்’ என்பதும் அரை உண்மை. ஜன்னலை ஒட்டி வைத்தும் வெளிச்சம் பற்றாமல் செடி ஒரே பக்கம் சாய்ந்தது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன். அறைக்காற்று வறண்டால் இலையடியில் செஞ்சிலந்தி வரும். இலை மேலே மஞ்சள் புள்ளி, திருப்பினால் மெல்லிய வலை. ஒரு செடி அதில் போனது. மற்றதையெல்லாம் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சிக் காப்பாற்றினேன். தண்ணீர் போதவில்லை என்றால் இலை நீளவாக்கில் சுருட்டிக்கொள்ளும், ஊற்றினால் சீக்கிரமே விரிந்துவிடும். நன்றாக நீர் குடித்த இரவுக்கு மறுநாள் விடியலில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். வீட்டுக்குள் ஏது பனி? செடியே உள்ளிருந்து தள்ளுகிற நீர். இதற்காகவே சில நாள் சீக்கிரம் எழுந்தேன். எட்டாம் மாதம் எல்லாத் தொட்டியையும் பால்கனிக்கு மாற்றினேன். செடி வேகம் பிடித்ததே அதன் பிறகுதான்.

கடைசியாகக் கறுப்பு. கறுப்பு மூங்கிலின் இளந்தண்டும் பச்சையாகத்தான் வரும், பிறகுதான் கறுக்கும். விற்றவர் ஒவ்வொரு முறையும் “இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்” என்று சொல்வதற்கு அது வசதியாகப் போயிற்று. ஆனால் கறுப்பு மூங்கில் பூப்பது ஏறக்குறைய 120 வருஷத்துக்கு ஒரு தடவை. அதே இனத்தின் பச்சைத்தண்டு வகை ஜப்பானில் 1908-ஐ ஒட்டிப் பூத்தது, பிறகு 2020 வாக்கில்தான் மறுபடி பூத்தது. அப்படிப்பட்டதன் விதை வருஷம் முழுக்கப் பெட்டி பெட்டியாக எங்கிருந்து வரும்? இதை வாங்கும் முன்னே யோசித்திருக்க வேண்டும்.

விரல்தான் விடை சொன்னது. கறுப்பு மூங்கில் சேர்ந்த பேரினத்தில், கிளை விடுகிற கணுவுக்கு மேலே தண்டில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும். கணுவுக்குப் பெரும்பாலும் இரண்டு கிளை, ஒன்று தடிப்பு, ஒன்று ஒல்லி. என் செடியின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தேன். நூல்கண்டுக் குச்சிபோல முழு உருண்டை, பள்ளமே இல்லை. கணுவில் நாலைந்து கிளை கொத்தாக. தொட்டி மாற்றும்போது அடியில் பார்த்தால் கிழங்குகள் குட்டையாக, வளைந்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டிருந்தன. புதர் கட்டுகிற மூங்கில்.

இதில் ஒரு வேடிக்கை. கறுப்பு மூங்கில் கொடுத்திருந்தால் எனக்குத்தான் தலைவலி. அது தரையடியில் ஓடுகிற ஜாதி, தொட்டியின் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி நெருக்கும். புதர் மூங்கில் நடுவிலேயே நின்று மெதுவாக அகலும், தொட்டிக்கு அதுதான் தோது. பேரைப் பொய்யாகப் போட்டு நல்ல சரக்கைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஸ்டார் இதற்கு. பொய்க்கு இரண்டு ஸ்டார் வெட்டு.

ஃபிரிட்ஜில் வைத்த ஒன்பதை ஐந்து மாதம் கழித்து என் மண்கலவையில் போட்டேன், நாலு முளைத்தது. வாங்குவதென்றால் நார் வில்லை இல்லாமல், அறுவடை மாதத்தைக் கேட்டு, விதையை மட்டும் வாங்குங்கள். தொட்டி வாய் அகலமாக இருக்கட்டும். பானைபோலக் கழுத்து குறுகியதில் வைத்தால் வேர்ப்பந்தை வெளியே எடுக்கத் தொட்டியை உடைக்க வேண்டியதுதான். நான் ஒன்றை உடைத்தேன்.

மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் தட்டு இப்போது தையல் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. வில்லைக்கு ஒன்றாக 20 குழி, குழிக்கு ஒரு நிறம் பித்தான்.