டாகிள் ட்ராக்கா, கிளாக்கிஃபையா? தனி ஆள் ஃப்ரீலான்ஸருக்கு எது சரி

மணிக்கணக்கில் பில் போடும் டிசைனரோ டெவலப்பரோ நேரக்கணக்கு ஆப் தேடினால் முதலில் கண்ணில் படுபவை இந்த இரண்டும்தான். தனி ஆளாக வேலை செய்பவருக்கு இரண்டின் இலவசத் திட்டமும் போதும். வித்தியாசம் தெரிவது மாதக் கடைசியில், பில் போட உட்காரும்போது.

டாகிளின் பலம் டைமரைத் தொடங்கும் வேகம். அதன் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் ட்ரெல்லோ, ஆசனா போன்ற வேலைப் பட்டியல் தளங்களில் ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் பொத்தான் வந்துவிடும். அழுத்தினால் வேலையின் பெயரோடு டைமர் ஓடத் தொடங்கும். நிறுத்த மறந்து எழுந்து போனாலும் கவலையில்லை. கம்ப்யூட்டர் ஆப்பில் ஐடில் டிடெக்‌ஷனை ஆன் செய்து வைத்தால், திரும்பி வந்ததும் சும்மா இருந்த நேரத்தைக் கழிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். ஆனால் கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் சும்மா இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். கிளையண்டோடு அரைமணி போனில் பேசியதும் அந்தக் கணக்கில் போய்விடும். அதனால் கேள்வியைப் படிக்காமல் கழித்துவிடாதீர்கள்.

டாகிளில் மணிக்கு இவ்வளவு என்று ரேட் குறிக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. கிளாக்கிஃபையில் அது இலவசம்: புராஜெக்ட் வாரியாக வேறு வேறு ரேட் போட்டால் ரிப்போர்ட்டில் தொகையே வந்துவிடும். மூன்று கிளையண்ட், மூன்று ரேட் என்று வேலை செய்பவர் யோசிக்காமல் கிளாக்கிஃபைக்குப் போகலாம். ஒரே ரேட்தான், ஆனால் டைமர் போடவே மறந்துவிடுகிறது என்றால் டாகிளை எடுங்கள்.

டாகிளில் இருந்து சிஎஸ்வி (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) இறக்கி எக்செலில் கணக்குப் போடுபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 01:30:00 என்ற கட்டத்தை மணிக்கு 800 ரூபாய் ரேட்டால் பெருக்கினால் 1,200க்குப் பதில் 50 வரும். எக்செலுக்கு ஒரு முழு நாள்தான் 1. ஒன்றரை மணி என்பது 0.0625. எனவே நேரத்தை முதலில் 24ஆல் பெருக்கிவிட்டு, பிறகு ரேட்டால் பெருக்க வேண்டும். கையால் போடுபவர்கள் 1:30ஐ 1.30 என்று எடுத்து 1,040 ரூபாய்க்கு பில் அனுப்புவதும் உண்டு. அங்கே 160 ரூபாய் போச்சு. மொத்த நேரம் 24 மணியைத் தாண்டினாலும் சிக்கல்தான்: சாதாரண நேர ஃபார்மட்டில் 26:30 என்பது 2:30 என்று காட்டும். ஃபார்மட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள், அதாவது [h]:mm என்று, போட்டால் சரியாகிவிடும்.

ரவுண்டிங்கை, அதாவது உதிரி நிமிடங்களை 15, 30 என்று முழுதாக்குவதை, ஆப்பிடம் விடாமல், கிளையண்டிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது. ஏழு நிமிட வேலை நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 15 நிமிடத்துக்கு ஏற்றினால் ஒரு மணி நேரம். மொத்தத்தை ஏற்றினால் 28 நிமிடம் 30 ஆகும். இந்த இரட்டிப்பு பில்லில் திடீரென்று தெரிந்தால் கிளையண்டுக்கு நம்பிக்கை போய்விடும்.

டைமருக்கு வைக்கும் பெயரும் பில்லில் அப்படியே போகக்கூடியதாக இருக்கட்டும். 'வேலை', 'திருத்தம்' என்றெல்லாம் போட்டால் மூன்று வாரம் கழித்து உங்களுக்கே விளங்காது. 'முகப்புப் பக்கம், மொபைல் மெனு திருத்தம்' என்று எழுதப் பத்து விநாடி போதும்.

ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் தளமான அப்வொர்க்கில் மணிக்கணக்கு ஒப்பந்தம் என்றால் மட்டும் டாகிள், கிளாக்கிஃபை இரண்டும் உதவாது. அங்கே பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அவர்களுடைய டெஸ்க்டாப் ஆப்பையே ஓட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். சொந்த விஷயம் ஏதாவது பதிவாகிவிட்டால் அழிக்கலாம், ஆனால் அந்தப் பத்து நிமிடக் கூலியும் சேர்ந்து போகும். அவர்களுடைய வாரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஞாயிறு நள்ளிரவு முடிவதால், இந்தியாவில் திங்கள் காலை 5:30 வரை செய்வது முந்தைய வாரக் கணக்கில்தான் சேரும். கையால் சேர்க்கும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.