லப்டொப்புக்கு மாற்றுத் திரை: பகலில் நல்லது, இரவில் தலையிடி

அக்காவின் மகள் திருகோணமலையில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். பஸ் நெரிசலில் பை நசுங்கி, லப்டொப் திரை வெடித்துவிட்டது. "மாமா, ஒரிஜினல் போடவா, கொம்பட்டிபிள் போடவா? கடையில ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லுறாங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். இதே கேள்வியை வேறு இரண்டு பேரும் கேட்டுவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. பெரும்பாலான லப்டொப் நிறுவனங்கள் திரையைத் தாங்களே செய்வதில்லை. ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்பிளே போன்றவர்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. ஒரே மொடலில் என்னிடம் இருப்பதற்குள் ஒருவருடைய பெனலும் (திரைப் பாகம்), உங்களிடம் இருப்பதற்குள் இன்னொருவருடையதும் இருக்கலாம். திரையின் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரியும். பி156 என்று தொடங்கினால் ஏயூஓ, என்வி156 என்றால் பிஓஇ, எல்பி156 என்றால் எல்ஜி. அந்த 156 என்பது 15.6 அங்குலம். கழற்றாமல் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய் மொனிட்டரின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். சிஎம்என் என்று இருந்தால் அது இன்னோலக்ஸ்.

ஆகவே லப்டொப் நிறுவனத்தின் ஏஜென்டிடம் ஒரிஜினல் கேட்டுப் போனால் அந்த லப்டொப்புக்கென்று தேர்ந்தெடுத்துச் சோதித்த பெனல் கிடைக்கிறது, கூடவே வாரண்டியும். வெளிக்கடையில் கொம்பட்டிபிள் என்று அதே அளவு, அதே 30 பின் இணைப்பு, அதே 1920×1080 உள்ள வேறொரு பெனல் கிடைக்கிறது. பொருந்தும், வேலை செய்யும். விலைதான் பெரிய வித்தியாசம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதற்குப் பிறகு உதிரிப்பாக விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. என்னுடைய திரையை மாற்றியபோது ஏஜென்ட் சொன்னது அறுபதாயிரத்துக்கு மேல், அதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டும். டவுனில் ஒரு கடையில் முப்பதுக்குள் முடிந்தது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது, அடுத்த நாளே பூட்டித் தந்துவிட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். நான் செய்வது கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்), திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் வேலை. பழைய திரை 45 வீத என்டிஎஸ்சி ரகம். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்தான் என்டிஎஸ்சி. விலை குறைந்த லப்டொப்புகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதில் குங்குமம் செங்கல் நிறத்தில் தெரியும், அரக்குப் பட்டு மண் நிறமாகிவிடும். அச்சகத்தில் அடித்து வந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியவரும், அதற்குள் முன்னூறு பிரதி முடிந்திருக்கும். புதிய பெனல் 72 வீதம். கணினிப் படங்களுக்கான பொது நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடங்கும். குங்குமம் குங்குமமாகவே தெரிகிறது. வெளிச்சமும் கூட. உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலோரம் மத்தியானத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது. முந்தைய திரையில் அந்த நேரம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரி, இது கொடுத்த காசுக்கு மேலே.

இனி இரவு. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குள் கல்வெட்டு கையில் இருக்க வேண்டும். குடும்பத்தார் படமும் பாடலும் தரும்போது பாதி நாட்கள் போயிருக்கும், அதனால் இந்த வேலை எப்போதும் இரவு வேலைதான். பிள்ளைகள் படுத்த பிறகு வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருப்பேன். புதிய திரை வந்த பிறகு ஒரு மணித்தியாலத்திலேயே கண்ணுக்குப் பின்னால் வலி. கண்ணாடிப் பவரை மாற்றினேன், போகவில்லை. பிறகுதான் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போகவேண்டிய பென்சில் தனித்தனியாக விசிறி மாதிரி விரிந்து தெரிந்தது. போன் கமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் இரண்டும் மறைந்துவிடுகின்றன.

விஷயம் இதுதான். பின்விளக்கு எல்ஈடியை மங்கச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. மின்னோட்டத்தைக் குறைக்கலாம், அல்லது விளக்கை ஒரு செக்கனுக்குப் பலமுறை அணைத்து அணைத்து எரியவிடலாம். இரண்டாவதற்குப் பீடபிள்யூஎம் என்று பெயர். ஆயிரக்கணக்கான தடவை அணைந்து எரிந்தால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. 200 தடவை அளவில் நின்றால் சிலருடைய தலை பிளக்கும். லப்டொப் அனுப்பும் சைகையைப் பழைய பெனல் மின்னோட்டமாக மாற்றிக்கொண்டது, புதியது அப்படியே அணைந்து அணைந்து எரிகிறது. லப்டொப் அதேதான், விண்டோஸும் அதேதான். யார் செய்த பெனல் என்று கேட்காதீர்கள். ஒரே தயாரிப்பாளரிடம் துடிக்கிறதும் இருக்கிறது, துடிக்காததும் இருக்கிறது, பெயரை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

கடைத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணா, டெட் பிக்சல் (எரியாத புள்ளி) இருந்தா மாத்தித் தரலாம். இது வாரண்டிக்குள்ள வராது" என்றார். பென்சிலை ஆட்டிக் காட்டினேன், சிரித்தார். அவருக்கு ஒன்றும் செய்வதில்லையாம்.

பிறகு செய்யாத வித்தை இல்லை. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லப்டொப்பில் அந்தத் துடிப்பு வேகத்தைக் கூட்ட யாரோ எழுதிய சின்ன மென்பொருள் இருக்கிறது. கூட்டினேன், வலி குறைந்தது. ஆனால் லப்டொப்பை மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடும், ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட வேண்டும். அது அலுத்துப்போய், பின்விளக்கை முழுதாக வைத்துவிட்டு மென்பொருளால் திரையை மங்கலாக்கினேன். துடிப்பு இல்லை, ஆனால் பற்றரி ஓடித் தீர்கிறது. அதைவிட மோசம், இருண்ட இடங்கள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. இறந்தவரின் பழைய அடையாள அட்டைப் படத்தில் தலைமுடி எது, கறுப்புப் பின்னணி எது என்று பிரிக்க முடியாது. எந்த நிறத்துக்காக இந்தத் திரையைப் புகழ்ந்தேனோ, அது இரவில் இல்லாமல் போகிறது.

கணக்குப் பார்த்தால் வெளிக்கடைத் திரைதான் வெல்லும். விலை பாதி, நிறம் மேல், வெளிச்சம் மேல். பகல் வேலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் மருமகளுக்கு நான் சொல்வது: ஒரிஜினலைப் போடு, மிச்சக் காசை நான் தருகிறேன். அதே ஸ்டிக்கர் எண்ணுள்ள பெனலை வெளியில் எங்காவது எடுக்க முடிந்தால் அதுவும் சரி. எண் வேறு என்றால், பூட்டுவதற்கு முன் கேபிளை மட்டும் இணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, பென்சிலை ஆட்டிக் காட்டச் சொல். இணைக்கும்போது பற்றரி கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டில் பின்விளக்கு பியூஸ் போய்விடக்கூடும்.

என்னுடையதை விற்கப் போகிறேன். 15.6 அங்குலம், 30 பின், பக்கப் பிராக்கெட் இல்லாதது, மற் (பளபளக்காத மேற்பரப்பு), ஒரு டெட் பிக்சலும் இல்லை. பகலில் மட்டும் வேலை செய்கிறவர்கள் வந்து பார்க்கலாம். பென்சில் நானே தருவேன். விலை பேசிக்கொள்ளலாம்.